512 எம்பி-யும் நான்காவது கெர்னலும்

டிஸ்க்கில் 200 ஜிபி காலியாகக் கிடக்கும். ஆனால் அப்டேட் பாதியில் நின்று, இடமில்லை என்று சொல்லும். உபுண்டுவையோ மின்ட்டையோ என்க்ரிப்ஷனுடன் நிறுவிச் சில ஆண்டுகள் பயன்படுத்திய பலர் இதைப் பார்த்திருப்பார்கள். இடம் தீர்ந்திருப்பது பெரிய பார்ட்டிஷனில் அல்ல, கெர்னல்கள் மட்டும் குடியிருக்கும் பூட் என்ற சின்னப் பார்ட்டிஷனில். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு கெர்னல் அங்கே வந்து சேர்கிறது. பழையது தானாகப் போவதில்லை, அல்லது போக வேண்டிய நேரத்தில் போவதில்லை. இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் பல. அவை ஒன்றுக்கொன்று முரணானவை, சில ஆபத்தானவை. எது தேறும், எது தேறாது என்று எடைபோட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது புதுக்கோட்டை மாவட்டத்து நிலைமை. இங்கே வீடுகளுக்குள் லினக்ஸ் வந்த பெரிய வழி அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த கணினிகள் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி டிஸ்க்கும் கொண்டவை. விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. டெபியனை அடித்தளமாக வைத்துச் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அந்த பாஸ். பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்த கதை. ஆனால் விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றபோது பழைய கணினிக்கு உயிர் கொடுக்க லினக்ஸைத் தேடி வந்தவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றதால் இரண்டாவது வரிசை இப்போது வந்துகொண்டிருக்கிறது.

இவர்களில் மணமேல்குடியிலோ பொன்னமராவதியிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு, போனின் ஹாட்ஸ்பாட். கேட்டால் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல நாளாகியிருக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு இம்மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படி நெடுநாள் மூடிக் கிடந்து மறுபடி திறக்கப்படும் கணினி, காத்திருந்த அப்டேட்டுகளை மொத்தமாக இழுக்கும். டேட்டா சென்டரில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குப் பொருந்தும் அறிவுரை இந்த மாணவிக்குப் பொருந்தாது. அவளால் தனியே சமாளிக்க முடிகிற தீர்வுதான் தீர்வு.

முதலில் நெருக்கடி எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கெர்னலுக்குப் பூட் பார்ட்டிஷனில் மூன்று நான்கு ஃபைல்கள். கெர்னல் ஃபைல் 10 முதல் 15 எம்பி. சிஸ்டம் மேப் என்ற குறிப்பு ஃபைல் சில எம்பி. கான்ஃபிக் ஃபைல் கணக்கில் வராத அளவு சிறியது. இவற்றையெல்லாம் விழுங்கிவிடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்னும் ஒரே ஃபைல். உண்மையான ரூட் பார்ட்டிஷனைத் திறப்பதற்குத் தேவையான டிரைவர்களும் கருவிகளும் அடங்கிய சுருக்கப்பட்ட மூட்டை அது. கணினி எழும்போது முதலில் ரேமில் விரிக்கப்படுவது. இன்றைய உபுண்டுவில் இது 100 எம்பி-யைத் தாண்டுவது சாதாரணம். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் ஃபைல்கள் பெருத்துக்கொண்டே போவது இதற்கு முக்கியக் காரணம்.

ஆக ஒரு கெர்னலுக்குச் சுமார் 125 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மூன்று கெர்னலுக்கு 375. பூட் லோடரான கிரப்பின் சொந்த ஃபைல்கள் ஒரு 10. பார்ட்டிஷன் 512 எம்பி. ஃபைல் சிஸ்டம் தனக்கென எடுத்துக்கொண்டது போக 487 எம்பி என்று காட்டும். மீதி 100 எம்பி. நான்காவது கெர்னலுக்கு அது போதாது.

நான்காவதுக்கு ஏன் இடம் வேண்டும், ஒன்றை நீக்கிவிட்டுத்தானே இன்னொன்றை வைக்கிறோம் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. பழைய குடித்தனக்காரர் காலி செய்வதற்கு முன்பே புதியவர் சாமான்களோடு வந்து இறங்கிவிடுகிறார். புதிய கெர்னலை முழுவதும் நிறுவி முடித்த பிறகே பழையதை நீக்கும் பேச்சு வரும். பாதுகாப்புக் கருதி அதுதான் சரியும்கூட. இருக்கும் கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும்போதும், புதிய மூட்டையைத் தனிப்பெயரில் முழுதாக எழுதிய பின்தான் பழையதன் இடத்தில் வைப்பார்கள். எழுதும்போது கரண்ட் போனாலும் பழைய மூட்டை உடையக்கூடாதே. ஆகவே எத்தனை கெர்னல் வைத்துக்கொள்ள நினைக்கிறோமோ அதற்கு மேல் ஒன்றுக்கு எப்போதும் காலியிடம் வேண்டும். பூட் பார்ட்டிஷன் பற்றிய வழிகாட்டிகள் பலவற்றில் இந்தக் கணக்கு இருப்பதில்லை. அதனால்தான் 75 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்த கணினி, அடுத்த அப்டேட்டில் விழுகிறது.

விழுந்தால் எழுவதும் எளிதல்ல. புதிய கெர்னல் பேக்கேஜ் பாதி நிறுவிய நிலையில் நிற்கும். எதையாவது நீக்கலாம் என்று பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டைக் கேட்டால், முதலில் பாதியில் நிற்பதை முடி என்கிறது. முடிக்க இடமில்லை. இடம் உண்டாக்க நீக்க வேண்டும். நீக்க ஆப்ட் விடாது. இந்தச் சுழலில் மாட்டிய மாணவி இணையத்தில் தேடி, கிடைத்த நீளமான ஒற்றைவரிக் கட்டளையை டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டுகிறாள்.

தீர்வுகளில் மோசமானது எது என்றால் நான் அந்த ஒற்றைவரியைத்தான் சொல்வேன். அதன் பல வடிவங்கள் ஒரே தர்க்கத்தில் இயங்குபவை: இப்போது ஓடும் கெர்னலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கு. ரீஸ்டார்ட் செய்யாத கணினியில் ஓடுவது பழைய கெர்னல். நிறுவி முடித்துத் தயாராக இருக்கும் புதியதும் "மற்றவை" கணக்கில் சேர்ந்து போய்விடுகிறது. சிலவற்றில், புதிய கெர்னல்களை இழுத்துவரும் மெட்டா பேக்கேஜும் சேர்ந்து நீங்கிவிடும். அதற்குப் பிறகு கெர்னல் அப்டேட் வருவதே நின்றுபோகும், அதைச் சொல்லவும் ஆளிருக்காது. இப்படிப்பட்ட வரிகள் தமிழ்க் குறிப்புகளிலும் விளக்கமின்றி நகலெடுக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். லினக்ஸைத் தமிழில் கற்றுத்தர முன்வருபவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒட்டு, தட்டு என்பது கற்றுத்தருவது ஆகாது.

ஃபைல் மேனேஜரில் நுழைந்து பூட் ஃபோல்டரிலிருந்து ஃபைல்களைக் கையால் அழிப்பது அதற்கு அடுத்த நிலை. பேக்கேஜ் கணக்கில் கெர்னல் இருக்கும், ஃபைல் இருக்காது. கிரப் மெனு பழைய பட்டியலைக் காட்டும், தேர்ந்தால் எழாது. சுழலிலிருந்து வெளியேறச் சரியான வழி, ஆப்ட்டுக்குக் கீழே இருக்கும் டிபிகேஜி-யிடம் நேராகப் போவது. யூநேம் கட்டளையால் ஓடும் கெர்னல் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவிய கெர்னல்களைப் பட்டியலிட்டு, ஓடுவதைத் தவிர்த்து மற்றவற்றில் மிகப் பழைய ஒன்றின் இமேஜ் பேக்கேஜை, அதைச் சார்ந்த கூடுதல் மாட்யூல் பேக்கேஜோடு சேர்த்து, பெயர் சொல்லி நீக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். கிடைத்த இடத்தில் ஆப்ட்டின் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் வசதி பாதியில் நின்ற வேலையை முடித்துவிடும். மெதுவான வழிதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அப்டேட்டே வேண்டாம், கெர்னலை ஹோல்டில் போட்டுவிடு என்ற ஆலோசனையும் புழங்குகிறது. இடப் பிரச்சினை அடியோடு தீரும் என்பது உண்மை. ஆனால் 2016-இல் டர்ட்டி கவ், 2022 மார்ச்சில் டர்ட்டி பைப் என்று வெளிப்பட்ட ஓட்டைகள் சாதாரண யூசர் ஒருவரை ரூட் ஆக்கக்கூடியவை. கெர்னலை நிறுத்தி வைத்தவரின் கணினியில் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். இதற்கு மேல் இதை விவாதிக்கத் தேவையில்லை.

இனி மதிப்புள்ள தீர்வுகள். முதலாவது, ஆட்டோரிமூவ். டெபியன், உபுண்டு வழியில் ஆப்ட் சில கெர்னல்களைக் காக்கிறது: ஓடிக்கொண்டிருப்பது, ஆகப் புதியது, அதற்கு முந்தையது. மீதியை நீக்கலாம் என்று குறித்துவிடும். உபுண்டுவில் தானியங்கி அப்டேட் இந்த நீக்கலையும் சேர்த்தே செய்யும்படி இன்று அமைந்திருக்கிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. பழைய கெர்னல்கள் தானாக நீங்காமல் பூட் பார்ட்டிஷன் நிரம்புகிறது என்ற புகார் 2014-இலேயே உபுண்டுவின் பிழைப்பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் பதிவாகி, நீண்ட காலம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனது. ஃபெடோராவில் இதே வேலையை டிஎன்எஃப் செய்கிறது, 3 என்ற வரம்போடு. ஓப்பன்சூசேயில் புதியது, முந்தையது, ஓடுவது என்று அமைப்பு ஃபைலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

ஆட்டோரிமூவை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அது போதும் என்று சொல்லமாட்டேன். நம் மாணவி லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வதில்லை. மூடியை மூடிவிட்டுப் போகிறாள், மறுநாள் திறக்கிறாள். இரண்டு மூன்று அப்டேட் தாண்டியும் ஓடுவது பழைய கெர்னலாகவே இருக்கும். அதையும் காத்தாக வேண்டும் என்பதால் இரண்டுக்குப் பதில் மூன்று தங்குகின்றன, அடுத்து வருவது நான்காவது. இன்னொரு ஓட்டையும் உண்டு: கையால் பெயர் சொல்லி நிறுவிய கெர்னலை ஆட்டோரிமூவ் தொடாது. லினக்ஸ் மின்ட்டின் பழைய பதிப்புகளில் அப்டேட் மேனேஜரின் ஜன்னலில் கெர்னலைத் தனித்தனியே தேர்ந்து நிறுவிப் பழகியவர்களிடம் இந்தத் தேக்கம் அதிகம். மின்ட் பின்னாளில் பயனற்ற கெர்னல்களைத் தானே நீக்கும் வசதியைச் சேர்த்தது. ஆனால் அதை ஒருவர் தேடிப்போய் இயக்க வேண்டும்.

இரண்டாவது, மூட்டையை இளைக்க வைப்பது. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பெரும்பாலான டிரைவர்களையும் வைப்பது டெபியன், உபுண்டுவின் இயல்பு. அமைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் இந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும் போகும். அளவு கணிசமாகக் குறையும். கேட்கக் கவர்ச்சியானது. ஆனால் நம் ஊர்ப் பழுதுக் கடைகளில் நடப்பதைக் கவனித்தவர் இதை யோசிப்பார். மதர்போர்டு போன லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பழைய லேப்டாப்பில் மாட்டித் தருவது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் அறந்தாங்கியிலும் அன்றாட வேலை. எல்லா டிரைவர்களும் உள்ள மூட்டை என்றால் டிஸ்க் புதிய உடம்பில் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும். இளைத்த மூட்டை என்றால் ரூட் பார்ட்டிஷனைக் காணோம் என்று கறுப்புத் திரையில் நிற்கும், கடைக்காரர் விண்டோஸ் போட்டுத் தந்துவிடுவார். லினக்ஸ் அந்த வீட்டிலிருந்து அன்றோடு போய்விடும். ஆகவே கையில் பழுதுபார்க்கும் பென்டிரைவும் அதை இயக்கும் பழக்கமும் இல்லாதவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எக்ஸ்இசட் முறையில் இன்னும் இறுக்கமாகச் சுருக்குவது இதைவிடத் தீங்கற்றது. பழைய செலரானில் கணினி எழும் நேரம் கூடும், அவ்வளவுதான். உபுண்டு 2019-இல் எல்இசட்4-க்கும் 2021-இல் இசட்ஸ்டாண்டர்டுக்கும் மாறியது, அளவையும் வேகத்தையும் இப்படி இழுத்துப் பிடித்துப் பார்த்துத்தான்.

ஃபெடோரா இங்கே ஒரு நல்ல யோசனையைக் கையாளுகிறது. அன்றாடக் கெர்னல்களுக்கு இளைத்த மூட்டை. கூடவே எல்லா டிரைவர்களும் அடங்கிய ரெஸ்க்யூ மூட்டை ஒன்றே ஒன்று. இடமும் மிச்சம், டிஸ்க் வேறு கணினிக்குப் போனாலும் எழ ஒரு வழி உண்டு. குறை என்னவென்றால் அந்த ரெஸ்க்யூ கெர்னல் நிறுவிய நாளில் உருவானது; தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. காலப்போக்கில் அதற்குரிய மாட்யூல்கள் ரூட் பார்ட்டிஷனிலிருந்து நீங்கிவிடுவதால் அதில் எழும் கணினி பாதி ஊனத்தோடு எழும். யோசனைக்கு முழு மதிப்பெண், செயலுக்குப் பாதி.

எத்தனை கெர்னல் வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு நிலை எடுக்க வேண்டும். புதியது எழாவிட்டால் திரும்பிப் போகத்தான் பழையது. அந்தப் பழையதை அடைய கிரப் மெனு வேண்டும். லினக்ஸ் மட்டும் இருக்கும் உபுண்டுவில் மெனு மறைந்திருக்கும். ஷிஃப்ட்டையோ எஸ்கேப்பையோ அழுத்தினால்தான் வரும். அது தெரியாதவருக்கு மூன்று கெர்னல் இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான். நான் மெனுவைச் சில விநாடிகள் காட்டும்படி வைத்து, இரண்டு கெர்னல் போதும் என்பேன். மூன்றாவது கெர்னல் தரும் பாதுகாப்பைவிட, காலியாக விட்ட 125 எம்பி தரும் பாதுகாப்பு பெரிது.

இதுவரை பார்த்தவையெல்லாம் நெருக்கடிக்குள் இருந்துகொண்டு செய்யும் சரிக்கட்டல்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பூட் பார்ட்டிஷன் தனியாக இருக்கத்தான் வேண்டுமா? 1990-களில் பயாஸால் டிஸ்க்கின் முதல் 1,024 சிலிண்டர்களைத் தாண்டிப் படிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. லைலோ என்ற அன்றைய பூட் லோடர் பயாஸை நம்பியே இயங்கியதால் கெர்னலை டிஸ்க்கின் தொடக்கத்தில் தனியே வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காரணம் எப்போதோ போய்விட்டது. இன்றைய கிரப் சாதாரண ரூட் பார்ட்டிஷனை நேராகப் படிக்கிறது, எல்விஎம்மையும் படிக்கிறது. தனி பூட் இன்று உண்மையிலேயே வேண்டியிருப்பது முழு டிஸ்க் என்க்ரிப்ஷனுக்கு. பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் கெர்னல் பூட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும். கிரப்பே பூட்டைத் திறக்கும் ஏற்பாடும் உண்டு. லக்ஸ் 2 என்ற என்க்ரிப்ஷன் வடிவத்துக்கான அதன் ஆதரவு நெடுங்காலம் அரைகுறையாக இருந்ததாலும், திறக்க நேரம் பிடிப்பதாலும் அது நம் மாணவிக்கானதல்ல.

அப்படியானால் என்க்ரிப்ஷன் எல்லாருக்கும் வேண்டுமா? மாணவர்களின் ஆதார் நகல்களும் மதிப்பெண் பட்டியல்களும் வைத்திருக்கும் ஆசிரியருக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடமும் படமும் வைத்திருக்கும் 2 ஜிபி ரேம் பழைய லேப்டாப்புக்கு, அதுவும் ஏஇஎஸ் வேலையைத் தானே செய்யும் வசதி சிப்பில் இல்லாத ஒன்றுக்கு, வேண்டியதில்லை. கணினி மந்தமாவதுதான் மிஞ்சும். அதில் ஒரே ரூட் பார்ட்டிஷன் போதும். கெர்னல் பத்து சேர்ந்தாலும் 1,250 எம்பி; 320 ஜிபி டிஸ்க்கில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

தனி பூட் வேண்டும் என்று முடிவானால் அளவு 2 ஜிபி. இந்த எண்ணுக்கு வந்து சேர டிஸ்ட்ரோக்களுக்கு ஏன் இத்தனை காலம் ஆனது என்பதுதான் என் பெரிய குறை. உபுண்டு இன்ஸ்டாலர் 12.04 காலத்தில் சுமார் 240 எம்பி ஒதுக்கியது. பிறகு 512. அதன்பின் 700 சொச்சம். 22.04-இல்தான் 1.7 ஜிபி அளவுக்கு வந்தது. ஃபெடோரா 500 எம்பி-யிலிருந்து 1 ஜிபி-க்கு வந்து, 43-ஆம் பதிப்பில் 2 ஜிபி ஆக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பு, அப்கிரேடுக்கு முன் பூட் பார்ட்டிஷன் குறைந்தது 768 எம்பி இருக்கிறதா, 300 எம்பி காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. பழைய டெபியன் இன்ஸ்டாலர் அதைவிடச் சிறிய பார்ட்டிஷனை உருவாக்கியபோது பயனரிடம் கருத்துக் கேட்கவில்லை. டிஸ்க்குகள் நூற்றுக்கணக்கான ஜிபி ஆன பிறகும் கெர்னலுக்கு ஒதுக்கியது அரை ஜிபிகூட இல்லை. இது கணக்கில் நேர்ந்த பிசகு. அதன் சுமை, சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பயனரின் தலையில் வைக்கப்பட்டது.

ஏற்கெனவே 512 எம்பி-யில் மாட்டியவருக்கு என்ன வழி? பூட் பார்ட்டிஷனுக்கு அடுத்து என்க்ரிப்ட் செய்த பெரிய பார்ட்டிஷன் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதைத் தொடக்கத்திலிருந்து நகர்த்திச் சுருக்குவது பல மணி நேர வேலை. நடுவில் கரண்ட் போனால் மொத்த டேட்டாவும் போகும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். இரண்டு கெர்னல், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு ரீஸ்டார்ட், அதன்பின் ஆட்டோரிமூவ், தேவையானால் எக்ஸ்இசட் சுருக்கம். இத்தனையோடு ஓட்டலாம். அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது அப்கிரேட் செய்யாமல், ஃபைல்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது நல்லது.

இன்னும் ஒன்று அரசின் கையில் இருக்கிறது. 2025 மார்ச் 14-இல் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. அரசு கொடுக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் இருக்குமானால், அது ஒரே மாஸ்டர் இமேஜிலிருந்து லட்சக்கணக்கில் நகலெடுக்கப்படுவது. டெண்டர் நிபந்தனைகளில் ரேம், டிஸ்க், திரை அளவு எழுதும் இடத்தில், பார்ட்டிஷன் அமைப்புக்கும் ஒரு வரி எழுதலாம்: தனி பூட் இல்லை, இருந்தால் 2 ஜிபி-க்குக் குறையாது, பழைய கெர்னல் நீக்கம் தானாக இயங்கும் நிலையில், கிரப் மெனு 5 விநாடி தெரியும்படி. இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. எல்காட்டும் சி-டாக்கும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடிவெடுக்கக்கூடியது.